ஆண்டறிக்கை: கடையில மீந்த பொருளும் நம்ம சங்கமும்

சபைக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். வரவு செலவ பொருளாளர் வாசிப்பாக. தெருவிளக்கு ரெண்டும் எரியுது, வாய்க்கால் வேலை இழுத்துக்கிட்டே கிடக்கு, அதனால சூப்பர் மார்க்கெட் விஷயத்துக்கு வந்துடுறேன்.

விக்காத பொருள குப்பையில கொட்டுறாகன்னு போன பொதுக்குழுவுல கேள்வி வந்துச்சுல்ல, அதுக்கப்புறம் கீழக்கரை பக்கம் ரெண்டு கடையில பேசுனோம். பிரான்ஸ்ல 2016லயே பெரிய கடைங்க நல்ல பொருள அழிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாச்சு, இங்க அந்த கட்டாயம் இல்ல, ஆனா மீந்த உணவ பகிர்ந்து குடுக்க உணவு பாதுகாப்ப பாக்குற மத்திய அரசு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2019ல விதிமுறை போட்டிருக்கு. கமிட்டியில ஒரு தம்பி, "ஐநா கணக்குப்படி 2022ல உலகத்துல வீணான 105 கோடி டன் உணவுல கடைங்க 12 சதவீதம்தான் மாமா, வீட்டுலதான் 60"ன்னு மடக்குனான். சரிதாண்டா, வீடு வீடா போய் ஃப்ரிட்ஜ திறந்து பாக்க முடியுமா? கடையில ஒரே இடத்துல கிடக்கு.

மொத ஆட்டம் தோல்வி. ஏப்ரல் 15லருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலம், படகு கடலுக்கு போகல, மீன்காரவுக வீடுகளுக்கு ஆகட்டும்னு தயிர் பாக்கெட்ட அட்டைப்பெட்டியில போட்டு ஆட்டோவுல ஏத்திட்டோம், ஏர்வாடி போறதுக்குள்ள அம்புட்டும் பந்து மாதிரி உப்பிப்போச்சு, தேதி என்னமோ இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு. தப்பு எங்களுதுதான். தென்ன மூட்டுல குழி தோண்டி கொட்டுனோம். மீன்காரவுக ஊர்ல ஐஸ் இல்லாம வந்திருக்கீகளேன்னு சிரிச்சாக பாருங்க, மானம் போச்சு.

அடுத்து இலவசம்னு போர்டு வச்சோம், யாரும் வரல. "நாங்க என்ன கையேந்தியா நிக்கிறோம்?"னு ஒரு லாத்தா மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டாக. அதுக்கப்புறம்தான் கடைக்குள்ளயே பாதி விலை மேசை, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல. பன்னு, ரொட்டி, பிஸ்கட் மேல சிவப்பு பேனாவுல பழைய விலைய அடிச்சு புது விலை. 'பெஸ்ட் பிஃபோர்'னா அதுக்கப்புறம் ருசி, மொறுமொறுப்பு கொறையலாம், 'யூஸ் பை' தாண்டுனா தொடாதீகன்னு தமிழ்ல அட்டையும் எழுதி தொங்கவிட்டோம். இப்ப வாத்தியாரும் வாங்குறாரு, வலை பின்னுறவுகளும் வாங்குறாக, யாரும் யாரையும் பாக்குறதில்ல. அடிபட்ட தக்காளி, வாடுன கீரை ஆட்டுக்கு போகுது.

ஒரு மனக்குறை. ஒரு கடையில கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு, பால் இருக்கு எடுத்துக்கங்கன்னு சொல்றாக, நம்ம என்ன குப்பைத்தொட்டியா? மூணு நாள் முன்னாடியே சொல்லச்சொல்லி லெட்டர் குடுத்திருக்கோம், பதில் இல்ல.

புது ஐஸ் பெட்டி வாங்க தீர்மானம் வச்சிருக்கேன், கைய தூக்குங்க. இரவல் வாங்குன பழசு மூடி உடைஞ்சு கயித்துல கட்டி நிக்குது, மீன் கவுச்சி வேற போகமாட்டேங்குது.

செயலாளர்