கத்தியைப் படம் பார்த்து வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் கையால் அடித்த கத்திகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். உறையில் போட்டு வைக்கிற மடக்காத கத்திகளை இளைஞர்கள் சொல்லிச் செய்து வாங்குகிறார்கள் என்பது சந்தோஷமான செய்தி. ஆனால் கட்டுரையில் பாதி இடம் அலகில் அலை அலையாக ஓடும் டமாஸ்கஸ் வரிகளின் அழகுக்கே போய்விட்டது. காசு கொடுக்கிறவர் எதைக் கேட்டு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு பத்திகூட இல்லை. கொடிவேரிப் பாசனத்தில் வாழை வைத்திருக்கிறேன். விடிந்தால் கத்தியைத் தொடாமல் ஒரு வேலையும் நடக்காது. அதனால் எழுதுகிறேன்.

எனக்குக் கத்தி அடித்துக் கொடுக்கும் ஆசாரி விலை பேசுவதற்கு முன்னால் கேட்பது, "எந்த வேலைக்குங்க அம்மிணி?" என்பதைத்தான். இலை அறுக்க ஒரு கத்தி, தார் வெட்ட ஒரு கத்தி, பக்கக்கன்று எடுக்க ஒரு கத்தி. இலைக் கத்தி மெல்லிசாக, கையில் இருப்பதே தெரியாமல் இருக்க வேண்டும். கன்று எடுக்கும்போது மண்ணில் கிடக்கிற கல் படும். இலைக் கத்திக்கு வைக்கிற பதத்தை, அதாவது காய்ச்சித் துவைத்து ஏற்றுகிற கெட்டித்தன்மையை, இதற்கும் வைத்தால், கல் பட்ட இடமெல்லாம் வாய் (வெட்டுகிற ஓரம்) பல் பல்லாக உதிர்ந்துவிடும். "எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒண்ணு" என்று கேட்டு வாங்குகிற கத்தி எதற்கும் சரியாக இருக்காது. வேலையைக் கேட்காமலே விலை சொல்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் பதம் வைப்பதை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பட்டறைக்குள் இருட்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெளிச்சத்தில் காய்ந்த இரும்பின் நிறம் தெரியாது. கரி உலையில் சிவந்த அலகில் எங்கள் ஆசாரி காந்தத்தை வைத்துப் பார்ப்பார். காந்தம் ஒட்டாமல் போனால் சூடு 770 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் காயவிட்டு, வாய்ப்பக்கத்தை மட்டும் எண்ணெயில் துவைத்து எடுப்பார். எடுத்த கையோடு கல்லில் ஒரு இழுப்பு இழுத்து, பளிச்சென்று தெரிகிற அந்த இடத்தையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு இறங்க இறங்க அதில் முதலில் வைக்கோல் நிறம் ஓடும். அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். நிறம் மாற மாறக் கெட்டி குறைந்துகொண்டே வரும். இலைக் கத்தி என்றால் வைக்கோல் நிறத்திலேயே மறுபடி முக்கி நிறுத்திவிடுவார். கன்றுக் கத்தியை ஊதா வரைக்கும் விடுவார். இலைக் கத்தியில் நீலம் ஏறிவிட்டால் திரும்ப முதலிலிருந்து காய்ச்ச வேண்டியதுதான். எல்லாம் சில நொடிக்குள் முடிகிற வேலை. நாம் கொடுக்கிற காசில் பெரும்பகுதி அந்த நொடிகளுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நேரில் போக முடியாதவர்கள், கெட்டிப் பதம் கேட்டிருந்தால், கத்தி வந்ததும் வாயில் ஒரு அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பதம் ஏறியிருக்கிறது. கடித்தால் ஏறவில்லை.

இரும்பைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சமில்லை, எனவே லாரியின் பாரத்தைத் தாங்குகிற வில்லுப் பட்டை பழசாகக் கிடைப்பதற்கும் பஞ்சமில்லை. பட்டை நல்ல இரும்புதான். ஆனால் பல வருஷம் பாரம் தாங்கியதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். புதுப் பட்டையா பழசா என்று நேராகவே கேளுங்கள். துருப்பிடிக்கக் கூடாது என்று எவர்சில்வர் கேட்கிறவர்கள் எந்த வகை என்று விசாரிக்க வேண்டும். தட்டு, டம்ளர் செய்கிற வகையை எவ்வளவு காய்ச்சித் துவைத்தாலும் கெட்டிப்படாது. எனக்குக் கறுப்பு இரும்புதான் பிடிக்கும். வாழைக்கறை பட்டுக் கறுத்துப் போகும், அது துரு அல்ல. துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும். தோல் உறைக்குள் போட்டே வைத்திருந்தால்தான் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும்.

டமாஸ்கஸ் விஷயத்துக்கு வருகிறேன். இன்று அந்தப் பெயரில் விற்பது இரண்டு வகை எஃகை அடுக்கிக் காய்ச்சி, அடித்து, மடித்து, அமிலத்தில் நனைத்து வரியை வெளியே கொண்டுவருவது. பெரும்பாலும் ஒன்றில் நிக்கல் சேர்ந்திருக்கும், அது வெளுத்து நிற்கும், மற்றது கறுக்கும். கைத்திறன் இல்லாமல் அது வராது. ஆனால் அந்தக் காலத்து டமாஸ்கஸ் வாள்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மூசையில் (மண் குடுவையில்) உருக்கிய தென்னிந்திய எஃகு. அப்படி எஃகு உருக்கியதன் தடயம் சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில், அகழாய்வில் கிடைத்திருக்கிறது. ஈரோடு மாவட்டத்துக்காரர்கள் படிக்கிற பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்.

மேலே வரியை மட்டும் பொறித்து ஏமாற்றுகிறவர்களும் உண்டு. உப்புத்தாளால் தேய்த்தால் அந்த வரி போய்விடும், அமிலத்தில் நனைத்தாலும் திரும்ப வராது. என் தம்பி மகன் இணையத்தில் வரி போட்ட கத்தி ஒன்றை வரவழைத்தான். வாழை மரத்தில் போட்ட வேகத்தில் பிடி கையோடு வந்துவிட்டது, அலகு மரத்திலேயே நின்றது. பிடிக்குள் போயிருந்த இரும்பு கட்டைவிரல் நீளம்கூட இல்லை. வெறும் பசைதான் பிடித்துக்கொண்டிருந்தது. அலகு யார் மேலாவது பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரும்பு பிடியின் கடைசிவரை போகிறதா, ஆணி அடித்து இறுக்கியிருக்கிறதா என்று கேட்டு, பிடி போடும் முன் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். பிடியின் பருமனையும் உங்கள் கைக்குச் சொல்லிச் செய்யுங்கள். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆண்கள் கைக்குச் செய்தவை. சன்னமான பிடி கிடைத்த பிறகு என் மணிக்கட்டு வலி குறைந்தது.

சட்டத்தையும் கட்டுரையில் சொல்லியிருக்க வேண்டும். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்து, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ ஆராய்ச்சிக்கோ செய்ததாக இல்லாவிட்டால், ஆயுதச் சட்ட விதிகளின்படி உரிமம் தேவைப்படலாம். 2021இல் காவல்துறை பட்டறைக்காரர்களிடம், வாங்குகிறவர் விவரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது. அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் பேர், ஊர், என்ன வேலைக்கு என்று நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். ஏதாவது விசாரணை என்று வந்தால் ஸ்டேஷனுக்கு அலைவது பட்டறைக்காரர்தான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது கோபி, சத்தி, அந்தியூர் பக்கத்துப் பட்டறைகளுக்கும் உங்கள் நிருபரை அனுப்புங்கள். அடித்தவர் சம்மதித்தால் அவர் பேரையும் ஊரையும் போடுங்கள். எங்கள் ஊர்ப் பட்டறையைப் பார்க்க வேண்டுமானால் நானே கூட்டிப்போகிறேன். காலையில் சீக்கிரம் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறினால் உலையை அணைத்துவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாழை விவசாயி,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.