லிபரேட்டருக்கு இரண்டு வால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இரண்டாம் உலகப் போர் விமானங்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு படத்துக்குக் கீழே 'பி-17, பறக்கும் கோட்டை' என்று போட்டிருந்தீர்கள். அது பி-17 இல்லை, பி-24 லிபரேட்டர் என்ற வேறொரு அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். பி-17-க்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய வால் நிமிர்ந்து நிற்கும். உங்கள் படத்தில் இருந்ததற்குப் பக்கத்துக்கு ஒன்றாக, முட்டை வடிவில் இரண்டு. இறக்கையும் தோளில் இருக்கிறது; பி-17-க்கு அது அடிவயிற்றோடு ஒட்டியிருக்கும். வேறு ஊர்ப் பதிப்பாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். பெங்களூர்ப் பதிப்பில் லிபரேட்டருக்கு வேறு பெயர் வைப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

காரணம், என் அப்பா. திருப்பத்தூரிலிருந்து 1944-ல் பதினெட்டு வயதில் இங்கே வந்து ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்டில் (எச்.ஏ.எல்.) சேர்ந்தவர். வால்சந்த் ஹிராசந்த் மைசூர் சமஸ்தானத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1940 டிசம்பரில் தொடங்கிய தொழிற்சாலை. போர் நடக்கும்போது அதை அமெரிக்க ராணுவம் தன் விமானங்களைப் பழுதுபார்க்கும் இடமாக எடுத்துக்கொண்டது. தகடுகளை ஆணி அடித்து இணைக்கும் ரிவெட் வேலையை அப்பா கற்றது அப்போதுதான்.

போர் முடிந்ததும் ஆங்கிலேயர்கள் கையிலிருந்த லிபரேட்டர்களைக் கான்பூரில் குவித்தார்கள். அமெரிக்காவோடு போட்ட ஒப்பந்தப்படி அவற்றைத் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் அழிக்க வேண்டும். அழித்தார்கள். அழித்த லட்சணம்தான் கொஞ்சம் குறைவு. சுதந்திரம் வந்த கையோடு நமக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டியிருந்தது, வெளியில் வாங்கக் காசில்லை. எச்.ஏ.எல். விமானி ஜம்ஷெட் முன்ஷி அந்த ஓட்டை உடைசல்களை, பறக்கும் அளவுக்கு மட்டும் ஒட்டவைத்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். இங்கே அவற்றைப் பிரித்து மறுபடி சேர்த்தார்கள். 1948 நவம்பரில் விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் லிபரேட்டரோடுதான் தொடங்கியது. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968-ல். கழித்துப்போட்ட சரக்கு இருபது வருஷம் உழைத்திருக்கிறது.

எனக்கு 65 வயது. தூரவாணி நகர் டெலிபோன் தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மூன்று வருஷமாக ஒரு லிபரேட்டர் கட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா பையன் வாங்கித் தந்த பிளாஸ்டிக் கிட், 72-ல் ஒரு பங்கு அளவு. 72 அங்குலம் ஆறடி என்பதால் கணக்கு சுலபம்: ஆறடி மனிதன் என் மேஜையில் ஓர் அங்குலம். நிஜத்தில் 110 அடி நீளும் இறக்கை எனக்கு ஒன்றரை அடிக்குச் சற்று மேலே. பீரோவின் மேல்தட்டில் குறுக்காக வைத்தால்தான் அடங்குகிறது.

பெட்டியில் உள்ளதை அப்படியே ஒட்டினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. அப்பா பார்த்த லிபரேட்டர் ஹேங்கரில் வயிறு திறந்து, ஒரு இன்ஜின் மூடி கழன்று நின்ற லிபரேட்டர். அதைத்தான் செய்கிறேன். அதனால் குண்டு எதுவும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் "உயிரை எடுக்கிற சாமானை ஏன் இழைத்து இழைத்துச் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த நிலையில் இது யாரையும் எதுவும் செய்யாது என்று மட்டும் சொன்னேன்.

குண்டு அறைக் கதவு பார்க்கவேண்டிய ஒன்று. மற்ற விமானங்களுக்குக் கதவு கீழே தொங்கித் திறக்கும். லிபரேட்டருக்கு நம் கடை ஷட்டர் மாதிரி விலாவோடு சுருண்டு மேலே ஏறிவிடும். காற்றில் இழுவை குறையட்டும் என்று செய்த ஏற்பாடு. பெட்டியில் வந்த கதவு தடித்த பிளாஸ்டிக். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, மாத்திரை அட்டையின் பின்புறத் தகட்டை ஒரு பழைய சீப்பின் பல்லில் தேய்த்து வரிவரியாக மடித்தேன். என் ரத்த அழுத்த மாத்திரைக்கு வேறு பிரயோஜனமும் உண்டு என்று தெரிந்தது. உள்ளே நடுவில் ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு நடைபலகை ஓடும். முன்னால் இருப்பவன் பின்னால் போக அதுதான் வழி. என் அளவில் அது மூன்று மில்லிமீட்டர். இரண்டு தரம் உடைந்து, மூன்றாம் தரம் நின்றது.

மூடி கழற்றிய இன்ஜினில்தான் நான் வேலை பார்த்த வருஷங்களுக்கு அர்த்தம் கிடைத்தது. பதினான்கு சிலிண்டர், ஏழு ஏழாக இரண்டு வரிசை. சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஆக 28 வயர். ரிலே காயில் சுற்றும் 40 கேஜ் எனாமல் கம்பி ஒரு உருளை வீட்டில் கிடந்தது. அதன் தடிமனை 72 ஆல் பெருக்கிப் பார்த்தால் ஒன்பது மில்லிமீட்டர் வருகிறது, பிளக் வயருக்குச் சரியான தடிமன்! சர்வீஸில் ஒரு நாளைக்கு எத்தனையோ ஆயிரம் சுற்று சுற்றியிருப்பேன். இந்த 28 துண்டுக்கு நான்கு வாரம் ஆயிற்று. கண் ஒத்துழைப்பது காலை பத்தரை வரைக்கும்தான்.

சறுக்கிய கதையும் உண்டு. லிபரேட்டருக்கு மூக்கின் கீழே ஒரு சக்கரம், இறக்கைகளின் கீழே இரண்டு. பொம்மையில் மூக்குக்குள் கனம் வைக்காவிட்டால் வால் தரையில் இறங்கிவிடும். நிஜ விமானத்துக்கே வால் தரையில் இடிக்காமல் இருக்க அடியில் ஒரு சறுக்குக் கட்டை வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள். டயர் கடையில் பேலன்ஸுக்கு ஒட்டும் ஈயத்துண்டு இரண்டு வாங்கி உள்ளே ஒட்டினேன். போதும் என்று நினைத்து, போன நவராத்திரிக்கு கொலுப் பூங்கா பக்கத்தில் நிறுத்தினேன். சுண்டல் கொடுத்துவிட்டுத் திரும்பினால், மூக்கைத் தூக்கிக்கொண்டு பந்திக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இப்போது நான்கு துண்டு இருக்கிறது.

ரிவெட் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரி. பல மாடல்களில் ரிவெட்டைக் கொப்புளம் மாதிரி எடுப்பாகக் காட்டுகிறார்கள். ஐந்தாறு மில்லிமீட்டர் தலை 72-ல் ஒரு பங்கானால் என்ன மிஞ்சும்? பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட இல்லை. அப்பா பார்த்திருந்தால் "இது ரிவெட்டா, பூசணி விதையா?" என்றிருப்பார். எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, ஊசி முனையால் லேசாக ஒற்றினேன். அப்பா ஒல்லி. அதனால் வால் பக்கம் குறுகின இடத்துக்குள் டாலிக் கட்டையோடு அவரைத்தான் அனுப்புவார்களாம். வெளியே ஒருவர் ரிவெட் துப்பாக்கியால் அடிப்பார், உள்ளே இவர் கட்டையை முட்டுக் கொடுப்பார். முகம் தெரியாது, பேச்சு கேட்காது. உள்ளிருந்து ஒரு தட்டு தட்டினால் இன்னும் அடி, இரண்டு தட்டினால் சரி. வீட்டிலும் காபி போதுமென்றால் டம்ளரை இரண்டு தட்டுத் தட்டுவார். அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, என் தங்கை இன்னும் அப்படித்தான் தட்டுகிறாள்.

வெளிப்புறம் வெள்ளி. கிட்டில் அமெரிக்க, பிரிட்டிஷ் சின்னங்கள்தான் வந்தன. பிரிட்டிஷ் வட்டத்தில் சிவப்பையே காணோம். இந்தப் பக்கப் போரில் சிவப்பைக் கண்டால் ஜப்பான் சூரியன் என்று சொந்த ஆளே சுட்டுவிடுவான் என்று நீக்கிவிட்டார்களாம். நம் வட்டத்தை, வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சையாக, காம்பஸ் வைத்து நானே வரைந்தேன்.

இப்போது தடை உட்புறத்தில். அமெரிக்கர்கள் உள்ளே மஞ்சள் கலந்த பச்சைப் பிரைமர் அடிப்பார்கள், சில இடங்களை வெறும் அலுமினியமாகவே விடுவார்கள். நம் ஆட்கள் மாற்றிய தகடுகளுக்கு என்ன அடித்தார்கள்? டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் நிற்கிறது. 1974-ல் ஒன்றை இங்கிலாந்தின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம், அமெரிக்காவுக்கும் போயிருக்கிறது. ஆனால் அவையெல்லாம் பின்னால் பல கை பட்டு, பல பூச்சு கண்டவை. எனக்கு வேண்டியது 1948, 49-ல் ஹேங்கருக்குள் இருந்த நிலை.

அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு குரூப் போட்டோ இருந்தது. விமானத்தின் வயிற்றுக்குக் கீழே முப்பது பேர், பின்னால் அந்த இரட்டை வால். கூடவே பென்சிலில் கணக்கு எழுதிய ஒரு நோட்டு. 1984-ல் குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது பெட்டியோடு பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டது நான்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு கொடுத்தான் என்று மட்டும் கேட்டார்.

அந்த முப்பது பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்திருப்பார்கள். அல்சூர், முருகேஷ்பாளையா, விமானபுரா, கே.ஜி.எஃப். பக்கம் எந்தப் பரணிலாவது, எந்தத் தாத்தாவின் பெட்டியிலாவது ஒன்று இருக்கலாம். போட்டோ, நோட்டு, பெயிண்ட் ஒட்டிய ஒரு துண்டுத் தகடு, எதுவானாலும் பத்திரிகை அலுவலக முகவரிக்கு எழுதினால் எனக்குச் சேர்த்துவிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கே வந்து படம் எடுத்துக்கொண்டு, பொருளை அங்கேயே வைத்துவிட்டு வருவேன். விமானத்தின் இரண்டு பாதிகளையும் இன்னும் ஒட்டவில்லை, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
காயில் பிரிவு ஓய்வூதியர்,
முருகேஷ்பாளையா, பெங்களூரு