கைப்பேசிக்குள் வந்த அடையாள அட்டை

அன்புள்ள நண்பர் கதிரேசன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து மீண்டும் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. நான் ஓய்வுபெற்ற பிறகும் இளம் வங்கி அலுவலர்களுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். மின்னணு அடையாள அட்டையைச் சட்டம் ஏற்றுக்கொண்ட பின்னும் வங்கிகள் ஏன் தயங்குகின்றன என்று தாங்கள் கேட்டதை, அவர்களும் அடிக்கடி கேட்கிறார்கள்.

அட்டையைப் படம்பிடித்துக் கைப்பேசியில் வைத்திருப்பது மின்னணு அடையாளம் ஆகாது. அது யாரும் திருத்தக்கூடிய நகல். வழங்கிய அமைப்பின் மின்னணுக் கையொப்பம் அதனுள் இருந்து, பெறுபவர் அதைத் தம் கருவியில் சரிபார்க்க முடிந்தால்தான் அது நம்பத்தக்க சான்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், சரிபார்க்கும் வசதி இல்லாத அலுவலர் இரண்டையுமே திருப்பி அனுப்பிவிடுகிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐ.நா. சர்வதேச வணிகச் சட்ட ஆணையம் 2022இல் ஏற்றுக்கொண்ட மாதிரிச் சட்டம் (நாடுகள் தம் சட்டத்தை இயற்றும்போது பின்பற்றத்தக்க முன்வரைவு), மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அடையாளச் சரிபார்ப்புக்குச் சட்ட மதிப்பை மறுக்கக் கூடாது என்கிறது. அதே சமயம், விரும்பாத ஒருவரை அதைப் பயன்படுத்துமாறு கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஆகவே அதைக் கொண்டு மட்டும் ஒரு வங்கியை ஏற்கச் செய்துவிட முடியாது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க உலக அளவில் நெறிகள் வகுக்கும், எஃப்.ஏ.டி.எஃப். எனப்படும் நிதி நடவடிக்கைப் பணிக்குழுவும் 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நம்பகமான மின்னணு அடையாளத்தைக் கொண்டு நேரில் வராத வாடிக்கையாளரைச் சேர்ப்பது அதிக அபாயமாக இருக்க வேண்டியதில்லை என்றே கூறியது. ஆனால் அந்த அமைப்பு நம்பகமானதா என்று எடைபோடும் பொறுப்பு வங்கியின் தலையில்தான் விழுகிறது.

என் பார்வையில் தயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது: சரிபார்ப்பு தவறிப்போனால் இழப்பை யார் ஏற்பது? மின்னணு அடையாளம் குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு ஒழுங்குமுறை இதை நேராகவே எதிர்கொண்டது. எல்லை தாண்டிய பரிமாற்றத்தில், தன் கடமையை வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ மீறிய உறுப்பு நாடு அதனால் விளைந்த சேதத்துக்குப் பொறுப்பாகும் என்று அது எழுதிவைத்தது. அந்த ஒழுங்குமுறையை 2024இல் திருத்தியபோது, வலுவான அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக உள்ள வங்கி போன்ற துறைகள், வாடிக்கையாளர் விரும்பினால் மின்னணு அடையாளப் பணப்பையை (அடையாளச் சான்றுகளைக் கைப்பேசியில் வைத்துக் காட்டும் செயலியை) ஏற்றாக வேண்டும் என்றும் சேர்த்தார்கள். சிறு நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. முதலில் பொறுப்பு, பிறகு கட்டாயம் என்ற இந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது.

காகித அட்டைகளை ஒழித்துவிடலாம் என்ற தங்கள் யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எஸ்தோனியாவில் 2017இல், அடையாள அட்டைகளில் பதித்திருந்த சில்லின் (சிப்) பாதுகாப்புக் குறைபாட்டால் சுமார் 7,60,000 அட்டைகளின் மின்னணுச் சான்றிதழ்களை நிறுத்திவைக்க நேர்ந்தது. போலிக் காகிதம் ஒருவரை ஏமாற்றும். சில்லில் உள்ள பிழையோ ஒரே நாளில் பல லட்சம் பேரின் கதவை அடைத்துவிடும்.

தங்கள் நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருமானால், வாடிக்கையாளரின் அட்டைப் படங்களைச் சேர்த்துவைப்பதைக் குறைத்து, எப்போது, எந்த முறையில் சரிபார்த்தீர்கள் என்ற பதிவைக் கவனமாக வைத்திருங்கள். வழக்கு என்று வந்தால் அதைத்தான் கேட்பார்கள். தங்கள் வழக்கறிஞர் இதை எப்படிப் பார்க்கிறார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
இராமநாதன்