புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது? மலையேறி வரும் கல்வி ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி வந்து, கோத்தகிரியிலும் குன்னூரிலும் மண்டபம் பிடித்து வெளிநாட்டுக் கல்விக் கருத்தரங்கு நடத்தும் ஆலோசகர்களுக்கு, வணக்கம்.

நான் கோத்தகிரிப் பக்கம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன். இரண்டு வருடத்துக்கு முன், மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், என் மாணவி ஒருத்தியின் அப்பா வீட்டுக்கு வந்தார். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். ஸ்வெட்டருக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு, பட்டா நகல், இரண்டுக்கும் நடுவே உங்களில் ஒருவர் கொடுத்த அறிக்கை. பன்னிரண்டு பக்கம், வழவழப்பான தாள், ஸ்பைரல் பைண்டிங். ஐந்தாம் பக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர். அதன் கீழே பச்சை நிறத்தில், கொட்டை எழுத்தில், 'சேர்க்கை வாய்ப்பு 72.4 சதவீதம்'.

"சார், இதுல பாஸ் மார்க் எவ்வளவு சார்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பார்த்த சேர்க்கையெல்லாம் அப்படித்தான். பொறியியல் கலந்தாய்வு என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப்பிரிவு, எந்த வகுப்பினருக்கு எத்தனையில் முடிந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் கை சுடாது. ஐஐடிக்கும் கடைசி ரேங்க் வெளியாகிறது. அங்கே 'வாய்ப்பு எவ்வளவு' என்று கேட்டால் நானே உட்கார்ந்து சொல்லிவிடுவேன்.

நீங்கள் அறிக்கை எழுதிக்கொடுத்த இடம் அப்படிப்பட்டதில்லை. உதாரணத்துக்கு, 2023 சேர்க்கையில் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 57,000 பேர். இடம் கிடைத்தது 2,000 பேருக்கும் குறைவாக. அந்த மூன்றரை சதவீதமும் எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்த மூன்றரை இல்லை. விளையாட்டுக்கென்று பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தவர்கள், அங்கேயே படித்தவர்களின் பிள்ளைகள், நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அந்தச் சராசரிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கோத்தகிரிப் பக்கத்து அரவேனுப் பிள்ளைக்கு மிஞ்சுவது இன்னும் மெலிந்த எண்.

மதிப்பெண் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அது வாசல்படி மட்டும். உள்ளே போனதும் 650 வார்த்தைக் கட்டுரை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பள்ளி என்ன பாடம் தந்தது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் மனிதர்கள் படித்து, உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அந்தப் பேச்சை 72.4 என்று முன்கூட்டி அளக்க எந்தத் தராசு வைத்திருக்கிறீர்கள்? எழுபத்திரண்டையாவது விடுங்கள். அந்தப் புள்ளி நான்கு எங்கிருந்து வந்தது?

இதைவிடக் கோபம் வந்தது வேறொன்றில். பன்னிரண்டு பக்கத்தில் ஒரு இடத்தில்கூட, 'உங்களால் எவ்வளவு கட்ட முடியும்?' என்ற கேள்வி இல்லை. ஹார்வர்டில் ஒரு வருடப் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 80,000 டாலருக்கு மேல். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டாலும் அதைச் சேர்க்கை முடிவில் பார்க்காத பல்கலைக்கழகங்கள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி என்று ஒரு கைப்பிடிதான். மற்ற பெரும்பாலான இடங்களில், 'உதவி வேண்டும்' என்று கட்டத்தில் டிக் அடித்த அந்த நொடியே வாய்ப்பு குறைகிறது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. 'இது நிச்சயம் கிடைக்கும்' என்று கடைசிப் பக்கத்தில் மூன்று கல்லூரி எழுதியிருந்தீர்களே, மூன்றிலும் இடம் கிடைத்தாலும் அந்தப் பிள்ளையால் ஒன்றில்கூடச் சேர முடிந்திருக்காது. கட்ட முடியாத இடம் எப்படிப் பாதுகாப்பான இடம் ஆகும்?

பத்து இடத்துக்குப் போடுங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து சதவீதம் என்றாலும் எங்காவது ஒன்றில் கிடைக்க நாற்பது சதவீதம் வாய்ப்பு என்று மேடையில் சொன்னீர்களாம். கணக்கு சரி, தாயக்கட்டைக்கு. ஒவ்வொரு உருட்டலும் தனித்தனி என்றால்தான் அது பொருந்தும். இங்கே பத்து இடத்துக்கும் போவது அதே கட்டுரை, அதே மதிப்பெண், அதே உதவித்தொகைக் கோரிக்கை. ஒரு இடத்தில் எது இடித்ததோ அதுவே அடுத்த இடத்திலும் இடிக்கும்.

அந்தப் பத்திலும் போனது என்னுடைய பரிந்துரைக் கடிதமும்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஒழுக்கமானவள், கடின உழைப்பாளி, ஆசிரியர் சொல் தட்டாதவள்' என்று எழுதினேன். நம் ஊரில் இதற்கு மேல் பாராட்டு இல்லை. அங்கே படிப்பவருக்கு அதில் ஒரு செய்தியும் இல்லை. கரண்ட் போன ராத்திரிகளில் எமர்ஜென்சி விளக்கைப் பிரித்துப் பார்த்து, ஏன் சீக்கிரம் சார்ஜ் இறங்குகிறது என்று பழைய நோட்டில் மூன்று வாரம் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டியவள் அவள். அதை எழுதாமல் விட்டவன் நான். இந்த அறிக்கைக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் வாங்கிய நீங்களும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

18,000 ரூபாய் என்பது அப்போதைய பச்சைத் தேயிலை விலையில் கிட்டத்தட்ட ஒரு டன் இலை. விண்ணப்பக் கட்டணத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் விலக்கு கேட்கலாம் என்பதையும் சொல்லாமல், அதற்குத் தனியாக வாங்கினீர்கள்.

பத்திலும் இடம் கிடைக்கவில்லை. அவள் இப்போது கோவையில் பொறியியல் படிக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். இடம் கிடைக்காததற்கு உங்கள்மேல் வழக்கு இல்லை. நூற்றுக்கு 72 என்றால் மீதி 28 பேருக்குக் கிடைக்காதுதானே என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். அப்படியானால் அந்த நூறு பேரைக் காட்டுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்கு எழுபதுக்கு மேல் எழுதிக்கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அதில் எத்தனை பேர் உதவித்தொகையோடு போனார்கள்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பேனரில் சிரிக்கும் நான்கு முகங்களை நான் கேட்கவில்லை. அந்த நான்கு பேர் எத்தனை பேரில் நான்கு என்று கேட்கிறேன்.

எங்கள் ஊரில் இலை எடை போடுகிறவர் மழை நாளில் ஈரத்துக்குக் கழிவு பிடிப்பார். கூடுதலாகப் பிடிக்கிறார் என்று தினமும் சண்டை நடக்கும். ஆனாலும் எத்தனை கிலோ கழித்தார் என்பதைச் சீட்டில் எழுதித்தான் தருவார். உங்கள் சீட்டில் கழிவே இல்லை.

அடுத்த கருத்தரங்கு நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு. நானும் அந்த அப்பாவும் வருகிறோம். பிளாஸ்டிக் கவரை அவர் எடுத்துக்கொண்டு வருவார்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்