புண்ணை விட்டுப் பூவைப் படம் எடு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பொண்ணுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ஆழியாற்றுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, நாற்று விட்டாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நன்கொடை நோட்டீஸின் முன்பக்கத்தில், உங்கள் டிரஸ்ட் இதுவரை எத்தனை பேருக்கு உதவியது என்ற பட்டியலைப் போடலாமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். முன்பக்கத்தில் யாராவது ஒருவரின் கதையை வை, கணக்கைப் பின்பக்கம் போடு. ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடத்திய சோதனை 2007-இல் வெளிவந்தது. ஆளுக்கு 5 டாலர் கொடுத்துவிட்டு, சிலருக்கு ஆப்பிரிக்கப் பட்டினி பற்றிய புள்ளிவிவரத்தையும், வேறு சிலருக்கு மாலி நாட்டு 7 வயதுச் சிறுமி ஒருத்தியின் கதையையும் படிக்கத் தந்தார்கள். புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள், கதை படித்தவர்கள் 2.38. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது 1.43 தான் வந்தது. கதையோடு கணக்கையும் நீட்டினால் மனசு பின்வாங்கிவிடுகிறது.

அதற்காக, அழுகிற முகமாகத் தேடிப் படம் எடுக்க உங்கள் ஆட்கள் கிளம்பிவிடக் கூடாது. எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

நான் பாலியேட்டிவ் வண்டியில், அதுதான் தீராத நோயில் படுத்திருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற வண்டியில், வாலண்டியராகப் போகிறேன் இல்லையா, எருத்தேம்பதிப் பக்கம் ஒரு அம்மா இருக்கிறார். தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நர்ஸ் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டி முடித்ததும், நிதி திரட்ட ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "புண்ணைப் படம் எடுத்து என்ன பண்றீங்க கண்ணு? நான் கட்டுற பூவை எடுங்க" என்றார். சுவரோடு தலையணையைச் சாய்த்து, வயிற்றின்மேல் முறத்தை வைத்து மல்லிகை கட்டுகிறவர் அவர். நனைத்த வாழைநாரை விரலில் சுற்றி, மொட்டுகளை எதிரும் புதிருமாக இரண்டிரண்டாக வைத்து ஒரு சுண்டு, முடிச்சு விழுந்துவிடும். பூக்கடைக்காரர் வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிறார்.

அந்தக் கைகளைத்தான் எடுத்தோம். ஜனவரி 15, கேரளாவின் பாலியேட்டிவ் தினத்தன்று, அந்தப் படத்தை மாட்டி உண்டியல் வைத்தோம். ஆட்டோக்காரர்களும் கள்ளு இறக்குகிறவர்களும் நின்று படித்தார்கள். ஒருவர், "இந்தப் பூவை நான் வாங்கியிருக்கேனே" என்று சொல்லி, மாசாமாசம் தருவதாகப் பேர் எழுதிவிட்டுப் போனார். பரிதாபப்பட்டிருந்தால் அன்றைக்குச் சில்லறை போட்டுவிட்டுப் போயிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேரளாவில் இந்த வேலையே அப்படி வளர்ந்ததுதான். 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றவர்கள் சிறியதாகத் தொடங்கினார்கள். அப்புறம் ஊர்க்காரர்களின் சின்னச் சின்னத் தொகையிலும் உழைப்பிலும் பரவி, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது.

உங்கள் டிரஸ்ட்டில் பிள்ளைகள் இல்லமும் இருப்பதால் இன்னொன்று. 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் பேர், பள்ளி, போட்டோ எதையும் வெளியிடக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளையின் அழுகை ஊரெல்லாம் நோட்டீஸாகச் சுற்றினால், நாளைக்கு அது வகுப்பில் எப்படித் தலைநிமிர்ந்து உட்காரும்? அங்கே வளர்ந்து இப்போது வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல விருப்பம் இருந்தால் கேட்டு எழுது. எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டு, வேண்டாம் என்ற வரியை எடுத்துவிடு, அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும்.

அப்புறம், பணம் கொடுத்தவர்களுக்கு மூன்று மாதம் கழித்து அந்தப் பணம் என்ன ஆனது என்று ஒரு கார்டாவது போடுங்கள். நிதி திரட்டுகிற பலர் இதைச் செய்வதே இல்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நோட்டீஸை எனக்கு அனுப்பு, பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளை