பெப்ரவரிப் பனியில் எங்கள் வாசலுக்கு வந்தவர்களுக்கு

அன்புடையீர்,

அம்மா இப்போது வோக்கரைப் பிடித்துக்கொண்டு குசினிவரை தானாகவே நடக்கிறா. தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று குறையும் சொல்லத் தொடங்கிவிட்டா. ஆகவே இந்த நன்றி மடலை எழுத எனக்கு நேரம் வந்துவிட்டது. உங்களில் சிலரின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்களின் பெயரை எழுதினால் அவர்கள் கூச்சப்படுவார்கள்.

2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் இருந்த எவருக்கும் அந்தப் பனியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஒரு புயல் கொட்டியதை வழித்து முடிக்குமுன் அடுத்தது வந்தது. எல்லாம் சேர்ந்து 50 சென்ரிமீற்றருக்கும் மேல். இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்த அம்மாவை ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்த நேரம் அது. என் கணவருக்கு இரவு வேலை, பிள்ளைகள் சின்னன், எனக்கோ நாரிப்பிடிப்பு. வீதியை வழிக்கும் வாகனம் பனியை ட்றைவ்வே வாய்க்குள் ஒதுக்கிவிட்டுப் போகும். இரவில் அது உறைந்துவிட்டால் பனி அள்ளும் சவள் இறங்காது. மற்ற நாளென்றால் எரிச்சலோடு போய்விடும். தையல் கழற்றப் போகவேண்டிய ஒருவர் வீட்டில் இருக்கும்போது வயிறு கலங்கும்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கும் பஞ்சாபி மாணவர்களுக்கு. வெயாஹவுஸ் வேலை முடிந்து விடியப்புறம் வந்தவர்கள், தங்கள் படியைத் துப்புரவாக்கிய கையோடு எங்கள் வாசலையும் உடைத்து வழித்து, உப்பும் தூவிவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்கவுமில்லை, அவர்கள் கதவைத் தட்டவுமில்லை. அடுத்த நாள் பிட்டும் கட்டைச்சம்பலும் கொடுத்தேன். உறைப்புக்கு அசையாத பிள்ளைகள்.

இதை எழுதாமல் விட முடியாது. 2024 ஜனவரியில் கனடிய மத்திய அரசு வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்ததிலிருந்து, வாடகை ஏறியதற்கும் வேலை கிடைக்காததற்கும் இந்தப் பிள்ளைகள்தான் காரணம் என்று எங்கள் ஆட்களே பிறந்தநாள் விழாக்களில் இருந்து கதைக்கிறார்கள். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் ஏற்றிக் கரைசேர்த்தபோது, எங்களைப் பற்றியும் இதே கதையைக் கதைத்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். நாங்கள் அதை மறந்துபோகலாமா?

அம்மாவைக் குளிக்கவார்க்க வரும் பிலிப்பீன்ஸ் சகோதரிக்கு என்ன சொல்வது! பெப்ரவரி 17, குடும்ப தினம், விடுமுறை நாள். அன்று மத்தியானம்தான் பியர்சன் விமான நிலையத்தில் ஒரு விமானம் தரையிறங்கும்போது தலைகீழாகப் புரண்டு, உள்ளே இருந்த 80 பேரும் உயிர்தப்பினார்கள். அந்தக் காற்றிலும் குளிரிலும் இரண்டு பஸ் மாறி, நடைபாதை தெரியாததால் நடு வீதியால் நடந்து வந்தா. "உங்கட பிள்ளைகள் வீட்டில தனியவோ?" என்று அம்மா கேட்டதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பிள்ளைகள் மணிலாவில் தன் தாயோடு இருக்கிறார்கள் என்றா. அம்மா அன்று முழுக்க அதைப் பற்றியே பேசினா.

நடக்க ஏலாதவர்களை ஏற்றிப்போகும் வீல்-ட்ரான்ஸ் வாகனத்தின் சாரதி ஐயா, நீங்கள் சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பனிக்கு மேலால் இழுத்த விதத்தைப் பார்த்து என் கணவரும் பழகிக்கொண்டார். மிக்க நன்றி.

பெப்ரவரி 27 ஒன்ராறியோத் தேர்தல். மாரிக்குள் தேர்தல் வைப்பது என்ன புத்தியோ தெரியாது. பெயர்ப்பலகைகள் எல்லாம் கழுத்துவரை பனிக்குள் நின்றன. வாக்குக் கேட்டு வந்த ஒரு தம்பி, நான் நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு துண்டுப்பிரசுரங்களைப் பையில் வைத்துவிட்டுச் சவளை வாங்கினார். படியை வழித்து முடித்துவிட்டு வாக்குக் கேட்க மறந்தே போனார். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். அவருக்குப் போட்டேனா என்றும் சொல்லமாட்டேன்.

எதிர்வீட்டுத் தாத்தா மாரி காலத்தில் புளோரிடாவுக்குப் போய்விடுவார். இம்முறை கனடாவை 51வது மாநிலம் என்று டிரம்ப் சொன்ன கோபத்தில், அங்கே ஒரு சதம் செலவழிக்கமாட்டேன் என்று பயணத்தை நிற்பாட்டினார். அதனால்தான் அவருடைய பனி தள்ளும் இயந்திரம், ஸ்னோ புளோவர், எங்கள் பக்கமும் ஓடியது. அந்த வகையில் டிரம்புக்கும் ஒரு நன்றி வைக்கவேண்டியிருக்கிறது. தாத்தா எங்கள் யன்னலுக்கு வெளியே குருவிகளுக்கு ஒரு தீனிக்கூடும் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதை நிரப்பிவிட்டார். கார்டினல் குளிருக்குத் தெற்கே போகாத குருவி. சோடியாக வந்தன: ஆண் செக்கச்செவேலென்று, பெண் மண்நிறத்தில். கட்டிலில் கிடந்த அம்மாவுக்குத் தொலைக்காட்சி தேவைப்படவில்லை. டிரம்ப் சொன்ன இறக்குமதி வரி வந்தால் சாமான் விலை ஏறும் என்று தாத்தா கவலைப்பட்டபோது அம்மா சிரித்தா. "தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை, சவுக்காரம் இல்லை, பற்றரி இல்லை, ஜாம் போத்தலில விளக்கு எரிச்சனாங்கள். இவருக்குச் சொல்லு, சமாளிக்கலாம் எண்டு." சொன்னேன். ஜாம் போத்தல் விளக்கு எப்படிச் செய்வது என்று அவர் கேட்டு எழுதிக்கொண்டார்.

சாப்பாடு அனுப்பிய நண்பிகளே, உங்கள் சட்டிகள் கழுவித் துடைத்து வாசலறையில் இருக்கின்றன. சிவப்புப் பிடி போட்ட ஒரு சவளும் எங்கள் கராஜில் நிற்கிறது. யாருடையது என்று எவருக்கும் தெரியவில்லை. உரியவர் எந்த நேரமும் வரலாம். வந்தால் தேத்தண்ணி குடிக்காமல் போக அம்மா விடமாட்டா.

நன்றியுடன்,
மகளும் குடும்பத்தினரும்
ஸ்காபரோ