வண்ண மீன் குஞ்சுகளுக்கான உயிர் உணவு நம் மாவட்டத்திலேயே கிடைக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்னீர் வண்ண மீன்களில் பெரும்பகுதி இன்று பண்ணைகளிலேயே பிறந்து வளர்கிறது. சென்னை கொளத்தூரின் மீன் தொழில் இதற்கு நாம் அனைவரும் அறிந்த சான்று. கடல் வண்ண மீன்களின் நிலை நேர்மாறானது. கண்ணாடித் தொட்டிகளில் நாம் பார்த்து மகிழும் கடல் மீன்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலும் கடலடிப் பாறைத் திட்டுகளிலும் மூழ்கிப் பிடித்துக் கொண்டுவரப்படுகின்றன. இந்த நிலையை மாற்றுவதில் நீண்ட கடற்கரையும் மீன்பிடித் தொழிலில் தேர்ந்த மக்களும் உள்ள கன்னியாகுமரி மாவட்டம் முன்னிற்க முடியும். குஞ்சுகளுக்கு வேண்டிய உயிர் உணவு, அதாவது உயிருள்ள நுண்ணிய இரை, இங்கே கிடைக்காததே அதற்குக் குறுக்கே நிற்கும் ஒரே குறை. அதைத் தங்கள் நாளிதழ் வழியாக மீன்வளத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டைகளுடன் காணப்படும் கோமாளி மீனை எடுத்துக்கொள்வோம். இந்த மீன் முதலில் ஆணாகவே முதிர்கிறது; கடல் சாமந்தி என்னும் பூப்போன்ற கடல் உயிரி ஒன்றை அண்டி வாழும் சிறு கூட்டத்தில் மிகப் பெரியது மட்டும் பெண்ணாக மாறுகிறது. பிடிப்பவர் அந்தப் பெரிய மீனை எடுத்துவிட்டால், அடுத்த நிலையில் இருக்கும் ஆண் பெண்ணாக மாறி, அதற்கும் அடுத்தது ஆணாக முதிர்ந்து, மறுபடியும் முட்டையிடும் வரை அந்தக் கூட்டத்தில் இனப்பெருக்கமே நின்றுவிடுகிறது. ஒரு மீனைத்தானே எடுத்தோம் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதை இந்த இயல்பு ஒன்றே காட்டும்.

ஆனால் இதே மீன் தொட்டியில் மனிதரோடு ஒத்துழைக்கும் மீனும் ஆகும். சிறியதும் பெரியதுமாக இரண்டு இளமீன்களைச் சேர்த்து வளர்த்தால் அவை காலப்போக்கில் இணையாகின்றன. கடல் சாமந்தி இல்லாவிட்டாலும் மண்சட்டித் துண்டிலோ ஓட்டிலோ முட்டையிடுகின்றன. நன்றாகத் தேறிய இணை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சில நூறு முட்டைகள் இடும். ஆண் மீன் துடுப்பால் விசிறியும் கெட்ட முட்டைகளை அகற்றியும் காவல் காக்க, ஏறத்தாழ ஒரு வாரத்தில், இருட்டிய பிறகு குஞ்சுகள் வெளிவருகின்றன. இதற்கான முறைகளை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்சம், மண்டபம் மையங்களும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் செய்து காட்டியிருக்கின்றன. அவற்றுள் விழிஞ்சம் களியக்காவிளையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது.

அப்படியானால் நம் மாவட்டத்தில் இத்தொழில் ஏன் வேரூன்றவில்லை? என் அனுபவத்தில் தடையாக இருப்பது முட்டை அன்று, குஞ்சு பொரிந்த பிறகு வரும் முதல் வாரம். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தக் குஞ்சு, நீரில் அசையும் உயிரை மட்டுமே இரையாகக் கொள்ளும். அதன் வாய்க்கு ஏற்றது ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரையே அதன் அளவு. சில நாள்கள் கழிந்த பின்னரே அதைவிடப் பெரிய, இறால் இனத்தைச் சேர்ந்த சிற்றுயிரான ஆர்ட்டீமியாவைக் கொடுக்க முடியும். ரோட்டிபரை வளர்க்க நுண்பாசி வேண்டும். பாசியை வளர்க்க வெளிச்சமும் உரமும் தூய கடல்நீரும் வேண்டும். ரொட்டிக்கடை ஈஸ்டை மட்டும் கொடுத்து வளர்த்த ரோட்டிபரில் குஞ்சுக்கு இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அதைத் தின்ற குஞ்சுகள் முதலில் நன்றாக இருப்பதுபோல் தோன்றி, உடலில் வெள்ளைப் பட்டை தோன்றும் பருவத்தில் கூட்டமாக மடிகின்றன. நானோகுளோராப்சிஸ், ஐசோகிரைசிஸ் போன்ற பாசிகளை உண்ட ரோட்டிபரைக் கொடுத்தால் இந்த இழப்பைப் பெரிதும் தவிர்க்கலாம். ஆனால் பாசித் தொட்டியில் வேறு நுண்ணுயிர் புகுந்துவிட்டாலோ அம்மோனியா ஏறிவிட்டாலோ ஒரே இரவில் எல்லாம் அழிந்துவிடும். அன்று குஞ்சு பொரித்திருந்தால் அத்தனையும் பட்டினியில் சாகும். அந்தக் காலைப் பொழுதைக் கண்டவர்களுக்கு இதன் வேதனை தெரியும்.

ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே பாசியும் ரோட்டிபரும் காக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. மாவுக்கு ஊருக்கொரு அரைவை ஆலை இருப்பதுபோல், இதற்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். குளச்சல் அல்லது முட்டம் பகுதியில் மீன்வளத் துறை ஓர் உயிர் உணவு வளர்ப்பு நிலையம் அமைத்து, வளர்ப்பைத் தொடங்குவதற்கான தூய பாசியையும் ரோட்டிபரையும் வாரந்தோறும் நியாயமான விலைக்கு வழங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. கொடுவா, கடல் விரால் ஆகியவற்றின் குஞ்சுகளுக்கும் முதல் உணவு ரோட்டிபரே என்பதால், உணவுக்கான மீன் வளர்ப்போருக்கும் அந்நிலையம் பயன்படும். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் மானியம் வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் என அது வகுக்கப்பட்டது. ஆனால் தொட்டியும் பம்பும் வாங்கப் பணம் கொடுத்துவிட்டு, குஞ்சுக்கு உணவு கிடைக்க வழி செய்யாவிட்டால் அந்தத் தொட்டிகள் விரைவில் காலியாகிவிடும்.

நிலையத்தின் இடத்தைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். மணக்குடியில் பழையாறும், தேங்காய்ப்பட்டணத்தில் குழித்துறைத் தாமிரபரணியும் கடலில் சேர்கின்றன. மழைக்காலத்தில் அந்த முகத்துவாரங்களை ஒட்டி எடுக்கும் நீரில் உப்பளவு தாழ்ந்துவிடும், கலங்கலும் மிகும். முகத்துவாரங்களிலிருந்து விலகிய இடத்தில் நீரை எடுத்து, மணல் வடிகட்டியில் செலுத்தி, பிளீச்சிங் பவுடரால் தூய்மைப்படுத்தி, குளோரின் நீங்கிய பின் சேமித்து வைக்கும் பெரிய தொட்டிகள் இருந்தால்தான் ஆண்டு முழுவதும் வேலை நடக்கும். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கரையில் நிற்கும் நாள்களில் மீனவக் குடும்பத்துப் பெண்களுக்கு இதிலிருந்து சிறிதேனும் வருமானம் கிடைக்கும்.

எல்லா மீனையும் இப்படி வளர்த்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. நீல டாங் மீன் அமெரிக்காவின் புளோரிடாவில் 2016-இல்தான் முதன்முறையாகத் தொட்டியில் பிறந்து வளர்ந்தது. அதன் குஞ்சின் வாய்க்கு ரோட்டிபரே பெரிது, கோப்பிபாட் என்னும் உயிரியின் இளம்பருவம்தான் உணவாகும். அத்தகைய மீன்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடற்குதிரைகளும் பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பதால் அவற்றை எவரும் வாங்கவும் விற்கவும் கூடாது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கடல் மீன் வாங்குவோர், அது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டும். தொட்டியில் பிறந்த மீன் குருணைத் தீவனத்துக்குப் பழகியிருக்கும்; பிடித்து வந்த மீன் பல வேளை இரையைத் தொடாமலே மெலிந்து இறக்கும். கடைகள் ஒவ்வொரு தொட்டியிலும் இந்த விவரத்தை எழுதி ஒட்டுமாறு துறை ஆணையிட வேண்டும். உயிர் உணவு நிலையத்துக்கான திட்ட மதிப்பீட்டை விழிஞ்சம் ஆய்வாளர்களுடன் கலந்து, வரும் நிதியாண்டுக்குள் தயாரிக்குமாறு மாவட்ட ஆட்சியரையும் மீன்வளத் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடல் வண்ண மீன் வளர்க்கும் வாசகர்,
ராஜாக்கமங்கலம், கன்னியாகுமரி மாவட்டம்.